வெள்ளைக் கதரும் ஒரு பெண்ணின் மேடையும்

பண்பொழியில் முருகன் பாட்டு இல்லாமல் எந்த விழாவும் தொடங்குவதில்லை. குன்றின்மேல் திருமலைக் குமாரசாமி வீற்றிருக்க, அடிவாரத்து ஒலிபெருக்கியில் முதலில் எழும் குரல் பெரும்பாலும் கே.பி. சுந்தராம்பாளுடையதாகவே இருக்கும். அந்தக் குரலைக் கேட்ட மாத்திரத்தில் ஓர் உருவமும் மனத்தில் எழுகிறது. வெள்ளைக் கதர்ச் சேலை, நெற்றி நிறையத் திருநீறு, நகையற்ற தோற்றம். தமிழ்நாட்டில் அவரை நினைவில் வைத்திருக்கும் எவருக்கும் வேறொரு உருவம் தோன்றாது.

அவரைப் பக்திப் பாடகியாக அறிந்த பலர், அவர் அரசியல் மேடைகளில் முழங்கியவர் என்பதையும், காமராஜர் முதலமைச்சராக இருந்த காலத்தில், 1958-இல், சென்னை மாகாணச் சட்ட மேலவையின் உறுப்பினர் ஆனவர் என்பதையும் மறந்துவிட்டார்கள். இந்தியாவில் திரைத்துறையிலிருந்து ஒரு மாநிலச் சட்டமன்ற அவைக்குள் நுழைந்த முதல் கலைஞர் என்று அவரைக் குறிப்பிடுவது வழக்கம். அவருடைய வாழ்க்கையை நான் அவர் உடுத்திய சேலையின் வழியாகப் படிக்க விரும்புகிறேன். பொதுவாழ்வுக்கு வரும் பெண்ணிடம் தமிழ்ச் சமூகம் என்னென்ன நிபந்தனைகளை விதித்தது என்பது அந்தச் சேலையில் எழுதியிருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. அந்தச் சேலையின் கதை தொடங்கும் இடமும் எங்கள் பண்பொழிக்கு அடுத்திருக்கும் செங்கோட்டைதான்.

காவிரிக் கரையில் உள்ள கொடுமுடியில் 1908-ஆம் ஆண்டு ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர் சுந்தராம்பாள். தாயின் பெயர் பாலாம்பாள். வறுமையின் காரணமாகச் சிறுமியாக இருந்தபோதே ரயிலில் பாடிப் பிழைக்க நேர்ந்தது என்பார்கள். அந்தக் குரலே அவரை நாடகக் குழுவுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தது. அவர் முதலில் ஏற்ற வேடம், நல்லதங்காள் நாடகத்தில் பசியால் வாடும் மூத்த மகன். ஒரு பெண்குழந்தை பையனின் உடையில்தான் மேடையேறியது. வேடம் மாறினால் உலகம் பார்க்கும் பார்வையும் மாறுகிறது என்ற பாடத்தை அவர் பள்ளிக்கூடத்தில் கற்கவில்லை. ஒப்பனை அறையில் கற்றார்.

வளர்ந்தபின் அவர் ஸ்திரீபார்ட் நடிகையானார். அன்றைய ஸ்பெஷல் நாடகத்தில் உடை என்பது பாதி நடிப்பு. ராஜபார்ட்டுக்குச் சரிகை வேலைப்பாடு மிக்க வெல்வெட், ஸ்திரீபார்ட்டுக்குப் பட்டும் நகையும். அந்த மினுமினுப்பைக் காணவே ஊர் ஊராக மக்கள் திரண்டார்கள். ஆனால், அதே மினுமினுப்பு நடிகைக்கு ஒரு களங்கத்தையும் சேர்த்தே தந்தது. மேடையில் அவளைக் கைதட்டி வரவேற்றவர்கள், வீட்டுக் கூடத்தில் உட்காரவைக்கத் தயங்கினார்கள். அவளுடைய பட்டு குடும்பப் பெண்ணின் பட்டு அல்ல என்பது சொல்லாமலே எல்லோருக்கும் விளங்கியிருந்த கணக்கு.

இலங்கையில் நாடகம் நடத்தச் சென்ற காலத்தில்தான் செங்கோட்டையைச் சேர்ந்த எஸ்.ஜி. கிட்டப்பாவுடன் அவர் இணைந்து நடிக்கத் தொடங்கினார். கிட்டப்பா 1906-இல் பிறந்தவர். எட்டுக்கட்டைச் சுருதியில் பாடி அரங்கைக் கட்டிப்போட்டவர் என்று எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் பெருமையோடு சொல்வார்கள். வள்ளி திருமணத்தில் அவர் வேலனாகவும் சுந்தராம்பாள் வள்ளியாகவும் நின்றபோது, போட்டி போட்டுப் பாடிய இருவரின் பாட்டும் விடியும்வரை நீளும். மேடை உறவு வாழ்க்கை உறவானது. இருவரும் மணம் செய்துகொண்டார்கள். ஆனால், கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே குடும்பம் முடித்துவைத்த திருமணம் ஒன்று இருந்தது. அவருடைய மரபு வேறு, சுந்தராம்பாளின் மரபு வேறு. ஆகவே, ஊரின் கண்ணில் சுந்தராம்பாள் மனைவி என்ற இடத்தில் முழுதாக அமர முடியவில்லை. இடையில் பிரிவும் மனத்தாங்கலும் வந்தன. குடிப்பழக்கம் கிட்டப்பாவின் உடலை அரித்தது. 1933 டிசம்பர் 2 அன்று, 27 வயதில் அவர் மறைந்தார்.

சுந்தராம்பாளுக்கு அப்போது வயது 25. அன்று உடுத்திய வெள்ளைச் சேலையை அவர் 1980-இல் இறக்கும்வரை மாற்றவில்லை. நகைகளைக் களைந்தார். இனி எந்த ஆணுடனும் இணையாக நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார்.

இதைப் பதிபக்தி என்று சொல்லிக் கடந்துபோவது எளிது. பல கட்டுரைகள் அப்படித்தான் கடந்துபோகின்றன. எனக்கு அந்தச் செயலில் வேறொன்றும் தெரிகிறது. சமூகம் மனைவி என்று ஏற்றுக்கொண்ட பெண் கணவனை இழந்து வெள்ளை உடுத்தினால் அது விதி. அவள் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் அது அவள்மேல் போர்த்தப்படும். சுந்தராம்பாளின்மேல் அந்த விதியைச் சுமத்த யாரும் இல்லை. அவர் மீண்டும் பட்டுடுத்தி மேடையேறியிருந்தால், நடிகைதானே என்று உலகம் அலட்சியமாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கும். அவரோ கைம்பெண்ணின் உடையைத் தாமே எடுத்து உடுத்திக்கொண்டார். கைம்பெண் ஆவதற்கு முதலில் மனைவியாக இருந்திருக்க வேண்டும். வாழ்ந்த காலத்தில் ஊர் தரத் தயங்கிய அந்தப் பெயரை, கிட்டப்பா மறைந்தபின் ஒரு வெள்ளைச் சேலையால் அவர் தமதாக்கிக்கொண்டார். அது துக்கம் மட்டுமன்று. உரிமைக் கோரலும் ஆகும்.

உடையால் உரிமை கோருவது தென்கோடித் தமிழருக்குப் புதிய செய்தி அன்று. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூரிலும், பின்னர் அது இணைந்த திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலும் இருந்தது. அதே திருவிதாங்கூரின் தென்பகுதியில் இன்ன சாதிப் பெண் மார்பை மறைக்கலாம், இன்ன சாதிப் பெண் மறைக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு இருந்தது. நாடார் பெண்கள் தோள்சீலைக்காகப் பல பத்தாண்டுகள் போராடி, 1859-இல்தான் அரசாணை பெற்றார்கள். ஒரு முழத் துணிக்காக ஊர்கள் எரிந்த மண் இது. பெண்ணின் உடை அற்ப விஷயம் என்று இங்கு யாரும் சொல்ல முடியாது.

சுந்தராம்பாள் உடுத்தியது வெறும் வெள்ளை அன்று, வெள்ளைக் கதர் என்பதில்தான் அரசியல் நுழைகிறது. 1921 செப்டம்பரில் மதுரையில் காந்தியடிகள் அரை ஆடைக்கு மாறியபோதே, உடுத்தும் துணி ஓர் அரசியல் அறிக்கை என்பதைத் தமிழகம் நேரில் கண்டுவிட்டது. அதன்பின் நாடக மேடையும் கதரை ஏற்றது. தியாகி விசுவநாததாஸ் கதர் உடுத்தி, முருகன் வேடத்தில் நின்று தேசியப் பாடல்களைப் பாடினார். மீண்டும் மீண்டும் சிறை சென்றார். சுந்தராம்பாளும் விடுதலைப் போராட்டப் பாடல்களைப் பாடி இசைத்தட்டுகளாக வெளியிட்டவர். கணவனை இழந்த துயரில் ஒதுங்கியிருந்த அவரைப் பொதுவாழ்வுக்கு அழைத்தவர்களுள் முதன்மையானவர் தீரர் சத்தியமூர்த்தி. 1937 தேர்தலில் காங்கிரசுக்காக அவர் ஊர் ஊராகச் சென்று பாடினார். ஒலிபெருக்கி எட்டாத இடங்களையும் அவருடைய குரல் எட்டியது.

அக்காலத்துக் காங்கிரஸ் பெண் தலைவர்களோடு அவரை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். 1930-இல் வேதாரண்யம் உப்புச் சத்தியாக்கிரகத்தில் சிறை சென்ற ருக்மிணி லட்சுமிபதி கல்லூரியில் படித்தவர். எஸ். அம்புஜம்மாள் புகழ்பெற்ற வழக்கறிஞர் சீனிவாச ஐயங்காரின் மகள்; பட்டையும் வைரத்தையும் விட்டுக் கதருக்கு வந்தவர். இவர்களுக்குக் கதர் என்பது உயர்ந்த மாடியிலிருந்து மக்களை நோக்கி இறங்கிவந்த படிக்கட்டு. நாடகக் கொட்டகையிலிருந்து வந்த சுந்தராம்பாளுக்கோ அதே கதர் மேலேறும் படிக்கட்டாக இருந்தது. நடிகை என்ற சொல்லில் ஒட்டியிருந்த இழிவை அது கழுவியது. அவரைக் கூத்துப் பார்க்கும் கண்ணால் பார்த்த கூட்டம், எழுந்து நின்று கைகூப்பியது. ஒரே துணி இரு வகைப் பெண்களுக்கு இரு வேறு வேலை செய்தது என்பதை நம் விடுதலைப் போராட்ட வரலாறுகள் போதிய அளவு கவனித்ததில்லை.

அந்த எளிமையை வறுமை என்று புரிந்துகொள்ளவும் கூடாது. 1935-இல் வெளிவந்த 'நந்தனார்' படத்தில் நடிக்க அவர் பெற்ற ஊதியம் ஒரு லட்சம் ரூபாய். அன்று தமிழ்த் திரையுலகம் கேள்விப்படாத தொகை. நடிக்க விருப்பமில்லாததால், அவ்வளவு கேட்டால் வந்தவர்கள் திரும்பிப் போய்விடுவார்கள் என்று எண்ணியே அந்தத் தொகையைச் சொன்னார் என்ற செய்தியும் உண்டு. அந்தப் படத்தில் அவர் ஏற்றது ஆண் வேடம், நந்தனாராகவே நடித்தார். ஆணுடன் இணையாக நடிப்பதில்லை என்ற உறுதியைக் காப்பாற்ற, தாமே ஆணாகிவிட்டார். பையன் வேடத்தில் தொடங்கிய கலைவாழ்வு, மீண்டும் ஆண் வேடத்திலேயே புகலிடம் கண்டது.

காந்தியடிகள் அவருடைய கொடுமுடி இல்லத்துக்கு வந்தபோது தங்கத் தட்டில் உணவு பரிமாறப்பட்டது என்றும், உணவு மட்டும்தானா, தட்டு இல்லையா என்று காந்தி கேட்க, அவர் மறுபேச்சின்றி அதையும் கொடுத்தார் என்றும், அந்தத் தட்டு பின்னர் ஏலம் விடப்பட்டது என்றும் சொல்லப்படுவதுண்டு. உடம்பில் ஒரு பொட்டுத் தங்கம் அணியாத பெண்ணின் வீட்டில் தங்கத் தட்டு இருந்தது. வெள்ளைச் சேலை அவருடைய செல்வத்தை மறைக்கவில்லை. அந்தச் செல்வத்தின்மேல் யாரும் பொறாமைக் கண் வைக்காதபடி காத்தது. பணம் சம்பாதிக்கும் பெண்ணை, அதிலும் ஆண்துணை இன்றிச் சம்பாதிக்கும் பெண்ணை, மன்னிக்கத் தெரியாத சமூகம், துறவியின் தோற்றத்தில் இருந்த அவரை மன்னித்தது. மன்னித்ததோடு நிற்காமல் அம்மா என்று அழைத்தது.

இந்த உருவத்துக்கு முத்திரை வைத்தது 1953-இல் ஜெமினி நிறுவனம் வெளியிட்ட 'ஔவையார்'. எஸ்.எஸ். வாசனின் அந்தப் படத்துக்குப் பிறகு தமிழர்களுக்கு ஔவை என்றால் சுந்தராம்பாள், சுந்தராம்பாள் என்றால் ஔவை. நாம் வழிவழியாகக் கேட்டுவரும் ஔவையின் கதை என்ன? திருமணத்தைத் தவிர்க்க விரும்பிய இளம்பெண், விநாயகரிடம் வேண்டித் தன் இளமையைக் கொடுத்து முதுமையை வாங்கிக்கொள்கிறாள். கிழவியான பிறகே அவளுக்கு வழிகள் திறக்கின்றன. அரசவையில் பேசலாம், போரை நிறுத்தத் தூது போகலாம், வேந்தனைத் திருத்தலாம், குழந்தைகளுக்கு அறம் சொல்லலாம். இளம்பெண்ணாக இருந்தால் இவற்றில் ஒன்றும் கிடைத்திராது. 25 வயதில் சுந்தராம்பாள் செய்துகொண்டதும் இதே பண்டமாற்றுதான். ஔவையாருக்கு அவர் வேடம் போடவில்லை என்பேன். அந்த வேடத்தை இருபது ஆண்டுகளாக அவர் வாழ்ந்துகொண்டிருந்தார். வாசன் அதைப் படம்பிடித்தார்.

ஐந்தாண்டுகள் கழித்து அவர் மேலவைக்குள் நுழைந்தபோது, மக்கள் அங்கே கண்டது நடிகையை அன்று, ஔவையை. திரையில் மன்னர்களுக்கு அறிவுரை சொன்ன மூதாட்டி, மெய்யான ஆட்சி மன்றத்தில் வந்து அமர்ந்தாற்போல இருந்தது. சென்னை மாகாணச் சட்டமன்ற அவைக்கு 1927-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி வந்தபோது அவருக்கு மருத்துவப் பட்டம் துணை நின்றது. பட்டமோ பெருங்குடும்பப் பின்புலமோ இல்லாத சுந்தராம்பாளுக்குத் துணை நின்றவை குரலும் சேலையும். அந்த உருவம் கட்சி வேலிகளையும் தாண்டியது. அவர் காங்கிரஸ்காரராக இருந்தும், மு. கருணாநிதியின் திரைக்கதையில் உருவான 'பூம்புகார்' படத்தில், 1964-இல், கவுந்தியடிகளாக நடித்தார். மறு ஆண்டு 'திருவிளையாட'லில் மீண்டும் ஔவையானார். 1970-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். ஔவை, கவுந்தி, காரைக்கால் அம்மையார் எனத் தமிழ் மரபில் இளமையையோ இல்லறத்தையோ துறந்த பெண்கள் அனைவரும் திரையில் அவருடைய முகத்தையே பெற்றார்கள்.

இத்தனையும் வெற்றிக் கதைதான். ஆனால், இதன் மறுபக்கத்தைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. என் சிறுவயதில் எங்கள் தெருவில் வெள்ளை உடுத்திய கைம்பெண்கள் பலர் இருந்தார்கள். கல்யாண வீட்டில் அவர்கள் அடுக்களையின் பின்வாசலில்தான் நிற்பார்கள். தாலி கட்டும் நேரத்தில் முன்னால் வரமாட்டார்கள். பயணம் புறப்படுகிறவர் எதிரில் அவர்கள் வந்துவிட்டால், புறப்பட்டவர் வீட்டுக்குள் திரும்பி ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கிளம்புவார். அதே விழாப் பந்தலில் முதலில் ஒலித்தது வெள்ளை உடுத்திய சுந்தராம்பாளின் குரல். அவர் கோயில் விழாக்களுக்கும் மாநாடுகளுக்கும் முதல் மரியாதையுடன் அழைக்கப்பட்டவர். ஒரே வெள்ளை. ஒருத்தியை மேடைக்கு ஏற்றியது. மற்றவர்களைப் பின்வாசலில் நிறுத்தியது. அவரைத் தெய்வ அம்சமாக்கியதன் வழியாக, நம் வீட்டுக் கைம்பெண்களைப் பற்றிய கேள்வியிலிருந்து நாம் தப்பித்துக்கொண்டோம். விதிவிலக்கை வணங்குவது, விதியை மாற்றாமல் இருப்பதற்கு நல்ல வழி.

பழங்கதை பேசுகிறேன் என்று வாசகர்கள் எண்ண வேண்டாம். இந்திரா காந்தி கிராமங்களுக்குச் சென்றபோதெல்லாம் சேலைத் தலைப்பால் தலையை மூடிக்கொண்டார். திரையில் பலவித உடைகளில் தோன்றிய ஜெயலலிதா, அரசியலுக்கு வந்தபின் சேலையன்றி வேறு உடுத்தவில்லை. அந்தச் சேலையும் நகையும் ஆண்டுக்கணக்கில் விவாதப் பொருளாயின. மம்தா பானர்ஜியின் பருத்திச் சேலையும் ரப்பர் செருப்பும் அவருடைய கட்சிச் சின்னத்தைவிடப் பிரபலம். ஆண் தலைவர்களுக்கு வெள்ளை வேட்டி சட்டை ஒரு சீருடை. அதை உடுத்திவிட்டால் அவர் இளைஞரா முதியவரா, மணமானவரா தனியரா, துறவியா செல்வந்தரா என்று அந்த உடையிடம் யாரும் விசாரிப்பதில்லை. பெண்ணின் சேலைதான் ஒவ்வொரு நாளும் சாட்சிக் கூண்டில் ஏறி விடை சொல்ல வேண்டியிருக்கிறது.

தமிழ்நாட்டு உள்ளாட்சி அமைப்புகளில் பெண்களுக்கு 50 விழுக்காடு இடஒதுக்கீடு 2016-இல் சட்டமானது. எங்கள் பகுதியின் பேரூராட்சிகளிலும் ஊராட்சிகளிலும் இன்று பெண்கள் பெருமளவில் அமர்ந்திருக்கிறார்கள். தேர்தல் நேரத்துச் சுவரொட்டிகளைக் கவனித்து வருகிறேன். இளம் வேட்பாளர்கூட இரு தோளையும் சேலையால் போர்த்தி, கைகூப்பி, உள்ள வயதுக்குப் பத்து வயது கூடியவராகத்தான் அச்சாகிறார். அன்றாடம் சுடிதார் அணிந்து வேலைக்குப் போகும் பெண், வாக்குக் கேட்கப் போகும்போது மட்டும் சேலைக்கு மாறுகிறார். பட்டு வேண்டாம், பகட்டு என்பார்கள். நூல் சேலையும் மிக எளிதாக இருக்கக் கூடாது, மதிப்பு இருக்காது என்றும் அவருக்குச் சொல்லித்தரப் பலர் இருக்கிறார்கள். தெரு விளக்கையும் குடிநீர்க் குழாயையும் பற்றி அவர் என்ன நினைக்கிறார் என்று கேட்பவர்கள் அதைவிடக் குறைவு.

சுந்தராம்பாளை இதற்கெல்லாம் குற்றம் சொல்வது நியாயமன்று. படிப்பும் சொத்தும் சாதிச் செல்வாக்கும் இல்லாமல், கையில் கிடைத்த ஒரே கருவியை அவர் தமக்கு வேண்டியபடி வளைத்துக்கொண்டார். மனைவி என்ற பெயரும், நாட்டுத் தொண்டர் என்ற மதிப்பும், தனித்து வாழும் பெண்ணுக்கான பாதுகாப்பும் அந்த ஒரு சேலைக்குள் கிடைத்தன. அதற்கு விலையாக 47 ஆண்டுகள் நிறமின்றி வாழ்ந்தார். அந்த விலையை அவர் தாமே தேர்ந்து கொடுத்தார் என்பதால் அவர்மேல் எனக்கு மதிப்பு மிகுகிறது. அந்த விலையைக் கேட்டவர்கள் நாம் என்பதால் வருத்தமும் மிகுகிறது.

ஔவை தன் இளமையை விநாயகரிடம் கொடுத்ததாகக் கதை சொல்கிறது. சுந்தராம்பாள் அதைத் தமிழ்நாட்டு மக்களிடம் கொடுத்தார். இனிப் பொதுவாழ்வுக்கு வரும் பெண்ணிடம் அப்படி எதையும் கேட்காமல், அவர் சொல்ல வந்ததை மட்டும் கேட்கப் பழகுவதே அவருக்கு நாம் செலுத்தக்கூடிய நன்றிக்கடன்.